டொம்முவுக்கு ஒரு கொம்பு

அது பிள்ளையார் இல்லைங்க. எத்தனை தடவை சொன்னாலும் எவனுக்கும் காதுல ஏறல. அது டொம்மு. டிவியில சாயங்காலம் வருமே கார்ட்டூன், சிவப்பு டவுசர் போட்டுக்கிட்டு, மழை பெஞ்சா தவளைக்கெல்லாம் குடை பிடிக்கிற நீல யானை, அதேதான். போலகத்துப் பக்கம் நான் ஆயாவா இருக்குற பால்வாடிக்குப் பெயிண்ட் அடிக்க வந்த ஆனந்தராஜ் தம்பி, மிச்சப் பெயிண்டை வீணாக்குவானேன்னு வெளிச்சுவத்துல வரைஞ்சு குடுத்துட்டுப் போச்சு. புள்ளைங்களுக்கு அதுமேல உசிரு.

எல்லாரையும்விட விஷ்ணுப்ரியாவுக்கு. நாலு வயசு. அவ அப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாததுலேருந்து வாயே திறக்கல. அம்மாக்காரி ஷர்மிளா, நெரவிப் பக்கம் தெருத்தெருவா மீன் விக்கிறவ, டாக்டர்கிட்டயும் காட்டினா. அவசரப்படுத்தாதீங்க, தானாப் பேசும்னுட்டாரு. ஒரு நாள் அந்தப் புள்ள சுவத்துகிட்ட உக்காந்து, நாங்க குடுத்த அவிச்ச முட்டையை ரெண்டாப் பிட்டு, பாதியை யானை வாயில தேச்சு, "தின்னு டொம்மு, அழுவாத"ன்னுச்சு பாருங்க, கரண்டியை வச்சுட்டுக் கதவோரமா மறைஞ்சு நின்னு கேட்டேன்.

அப்புறம் தினமும் பேச்சுத்தான். அப்பா எப்ப வருவாரு, அம்மா ஏன் அழுவுது, எல்லாம் டொம்முகிட்ட மட்டும். ஆளு கிட்டப் போனா கப்சிப். ஷர்மிளாகிட்ட சொல்லலாமான்னு நெனச்சேன். அவ ஓடிவந்து "எங்கிட்டப் பேசுடீ"ன்னு உலுக்குவா, திறந்த வாயும் மூடிக்கும். இன்னும் கொஞ்சம் தேறட்டும்னு இருந்துட்டேன்.

ஐப்பசி மழை வந்துச்சு. உப்புக்காத்துல ஊறிப்போன சுவரு, காரை பேந்து டொம்முவோட ஒரு கொம்பு விழுந்துடுச்சு. அவ்வளவுதான். எங்க தெருவுல சிவராமன் அண்ணன் இருக்காரு, ரிட்டயர்டு ஆனதுலேருந்து சாமி காரியம்னா முதல் ஆளு. அவரு பாத்துட்டாரு. "ஒத்தைக் கொம்பன்! தானா வந்து நிக்கிறாருய்யா!"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாரு. "அண்ணே, அது டவுசர் போட்டிருக்குண்ணே"ன்னேன். "உனக்கென்னம்மா தெரியும்?"னு மறுநாளே டவுசர் மேல மஞ்ச வேட்டியைச் சாத்திட்டாரு. அருகம்புல் மாலை, சூடம், கடைசியில கம்பிக் கதவும் பூட்டும். வெள்ளிக்கிழமை சுண்டல் வேற. அதை நானும் வாங்கித் தின்னேன், இல்லேன்னு சொல்லல.

அடுத்து முட்டை போட்ட அன்னைக்கு விஷ்ணுப்ரியா வழக்கம்போல ஓடுனா. கம்பிக்குள்ள கையை விட்டா. "சாமிக்குக் கவிச்சியா! ஏய், எடு கையை!"ன்னு சிவராமன் அண்ணன் போட்ட சத்தத்துல புள்ள வெலவெலத்துப் போயிட்டா. நான் சண்டைக்குப் போனேன். அங்க நின்ன பொம்பளைங்க என் வாயைத்தான் அடைச்சாங்க. அன்னைக்கோட அவ பேச்சு நின்னுபோச்சு. சுவத்துப் பக்கமே திரும்புறதில்ல.

கொம்பு போனதுனாலதானே இத்தனை கூத்து, கொம்பை வச்சுட்டா? ஆனந்தராஜ்கிட்டக் கொஞ்சம் சிமெண்டும் வெள்ளைப் பெயிண்டும் கேட்டு வாங்கினேன். ரெண்டு கொம்போட நின்னா யாரு வந்து சூடம் காட்டுவா? கூட்டிப் பெருக்குறதுக்காகப் பூட்டுச் சாவி எங்கிட்டத்தான் இருந்துச்சு. மத்தியானம் தெரு அடங்கினதும் போனேன். போனா, அங்க ஷர்மிளா நிக்கிறா.

மீன் கூடையைத் தூரமா வச்சுட்டு, தலைக்கு ஊத்தின ஈரத்தோட, புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கிறா. "அக்கா, ஒரு மண்டலம் கவிச்சி சாப்பிடாம இருக்கேன்னு வேண்டிக்கிட்டேன். நம்ம தெருவுக்கே வந்திருக்காருன்னா எனக்காகத்தான்க்கா. இவரு எம் புள்ளையைப் பேச வச்சிருவாரு"ன்னா. புருஷன் போன பிறகு அவ மூஞ்சியில அப்படி ஒரு தெளிச்சியை நான் பாத்ததே இல்ல.

பேச வச்சாருடீ, நல்லாவே பேச வச்சாரு, நாமதான் கதவைப் போட்டுப் பூட்டினோம்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். தான் பெத்த புள்ள பேசினதைத் தான் ஒரு தடவைகூடக் கேக்கலேன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிருவா. கொம்பை வச்சாலோ அவளுக்குச் சாமியும் இல்லாமப் போயிடும். அப்பவே சொல்லியிருக்கணும், பாவி நான். பெயிண்ட் டப்பாவை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டேன்.

"கும்பிட்டுக்க தங்கம்"னா ஷர்மிளா. அந்தப் புள்ள டொம்முவைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. அம்மா சொன்னபடி ரெண்டு கையையும் குவிச்சு, கண்ணை இறுக்கி மூடிக்கிச்சு. வாயைத் திறக்கல.