நிலக்ஷி வெட்டிய கிலோக்கள்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கால் நீட்ட இடமில்லையென்றால் ஒருவரையொருவர் ஒட்டி உட்காருங்கள். கணக்கில் நாற்பது மார்க் வாங்கிய ஒரு கெட்டிக்காரப் பிள்ளையின் கதையைச் சொல்கிறேன்.

வட்டகொடைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். அங்கே நான்காம் வகுப்பு டீச்சர் இல்மா, ஹட்டன் டவுனில் பழக்கடை வைத்திருக்கும் பைஸரின் மகள். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று ஹட்டனில் சனிக்கிழமை வகுப்பு ஒன்று தொடங்கியிருந்தார்கள். பள்ளிக்கூடமே பரீட்சை வைத்து, எண்பதுக்கு மேல் எடுத்த பிள்ளையின் பெயரை அனுப்ப வேண்டும். இல்மா பரீட்சைத் தாள்களைத் திருத்திய அன்றுதான் கடைசி நாள்.

இல்மாவின் மனதில் இருந்தவள் நிலக்ஷி. கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பழகியதாக இருக்கட்டும் என்று, இருபது கேள்வியில் பன்னிரண்டைக் கொழுந்துக் கணக்காகவே போட்டிருந்தாள் இல்மா. நிலக்ஷியின் தாளைத் திருத்தும்போது மனசு விட்டுப்போனது. அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூடச் சரியில்லை. நாற்பது மார்க். மற்றவர்களும் எண்பதைத் தொடவில்லை.

இடைவேளையில் நிலக்ஷியைக் கூப்பிட்டாள்.

"என்னா புள்ள இது? பதினெட்டும் இருவத்தொண்ணும் பதினாறும் எவ்வளவு?"

"அம்பத்தஞ்சு மிஸ்."

"அப்ப ஏன் நாப்பத்தொம்பதுன்னு எழுதியிருக்க?"

இதுகூடவா தெரியாது என்பதுபோல் பார்த்தாள் நிலக்ஷி.

"மழை நாள்ல மூணு பேர் கொழுந்து பறிச்சாங்கன்னு நீங்கதானே மிஸ் போட்டிருக்கீங்க. மழைன்னா தண்ணிக்கும் சாக்குக்கும் சேத்து ஆளுக்கு ரெண்டு கிலோ நிறுக்கும்போது வெட்டுவாங்கள்ல. மூணு பேருக்கு ஆறு."

"சரி, இங்க மழை இல்லயே. அஞ்சு சாக்கு, சாக்குக்கு இருவது கிலோ. தொண்ணூத்தஞ்சுன்னு வச்சிருக்க."

"அது சாக்கோட எடை மிஸ். வெயில் அடிச்சாலும் ஒரு கிலோ உண்டு. எங்கம்மாவுக்கு தெனம் வெட்டுறாங்க."

டவுனில் வளர்ந்த இல்மா கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒருநாளும் நின்றதில்லை. அந்த வெட்டைக் கழித்துப் பன்னிரண்டையும் மறுபடி போட்டுப் பார்த்தாள். அத்தனையும் சரி. தாளைத் தூக்கிக்கொண்டு அதிபர் வீரய்யாவிடம் ஓடினாள். அவர் படித்துப் படித்துச் சிரித்தார்.

"கொழுந்து நிறுக்கிற கணக்கப்புள்ளயே தோத்துருவான் டீச்சர். ஆனா நம்ம விடைப்பட்டியல்படி இது நாப்பதுதான். மார்க்க மாத்த ஏலாது. பள்ளிக்கூடம் விடுறதுக்குள்ள வேற பேப்பர் ஒண்ணு எல்லாருக்கும் வைங்க. கொழுந்து மட்டும் வேணாம்."

இல்மாவுக்கு அவசரத்தில் தோன்றியது வாப்பாவின் கடைதான். தோடம்பழம், அன்னாசி, வாழைச்சீப்பு என்று இருபது கேள்வி எழுதினாள். முதல் கேள்வியிலேயே நிலக்ஷி தலையைத் தூக்கினாள்.

"மிஸ், அழுகினத கழிக்கணுமா?"

"எங்க வாப்பா கடையில அழுகினது கெடயாது. எழுது."

"உங்க வாப்பா அப்படித்தான் சொல்லுவாரா மிஸ்?"

வகுப்பே சிரித்தது. இல்மாவும் சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பி நின்றுகொண்டாள்.

நிலக்ஷிக்குத் தொண்ணூற்றைந்து மார்க். மணி அடிப்பதற்கு முன் அவள் பெயர் ஹட்டனுக்குப் போய்விட்டது.

அன்று பின்னேரம் இல்மா தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கே போய்ச் சொன்னாள். நிலக்ஷியின் அம்மா நாகலெட்சுமிக்குச் சந்தோஷம்தான், ஆனால் முகம் வாடியது.

"சனிக்கெழம எனக்கு மலையில வேல மிஸ்ஸு. இவள யாரு கூட்டிட்டுப் போறது?"

"வெள்ளிக்கெழம என்னோட வரட்டும். எங்க வீட்டுல தங்கட்டும். சனிக்கெழம பின்னேரம் நானே கொண்டாந்து விடுறேன். உம்மா நல்லா சமைப்பாங்க."

நாகலெட்சுமி மகளைப் பார்த்தாள். மகள் ஏற்கெனவே பையில் உடுப்பைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"எறச்சி திங்க மாட்டா மிஸ்ஸு," என்றாள் மெல்ல. "முட்டைன்னா நாலு திம்பா. கோச்சிக்காதீங்க."

அந்த வெள்ளிக்கிழமை ஹட்டன் ரயிலில் டீச்சரும் பிள்ளையும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள்.

உங்கள் வீட்டில் நோய்நொடி அண்டாமல் இருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் பிள்ளைகள் சொல்ல வருவதைக் குனிந்து கேட்கும் பொறுமை உங்கள் வாசலில் என்றைக்கும் நிறைந்திருக்கட்டும்.