கடலடிக் கம்பியில் வந்த கோல்

வீட்டில் புருசனின் பிணத்தைக் கிடத்திவிட்டு, ஊர்காவற்றுறைத் தபால் கந்தோரில் ரெலிபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள் மேரிறோஸ். எந்தப் பொம்பிளைக்கும் வரக்கூடாத நிலை இது. முதல்நாள் விடியத் கடற்தொழிலுக்குப் போன குருசுமுத்து, துவக்குச் சூடு பட்டு வள்ளத்துக்குள்ளேயே கிடந்து கரைக்கு வந்தார். பின்னேரம் நாலு மணிக்கு அடக்கம்.

பாரிசில் இருக்கும் மூத்தவன் யூட் காலை பத்து மணிக்குக் கோல் எடுப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். தீவுக் கடலில் சூடு என்று அங்கே றேடியோவில் கேட்டிருக்கிறான். ஆருக்கு என்று மட்டும் றேடியோ சொல்லவில்லை.

அவன் அறியக்கூடாது. அறிந்தால் அடக்கத்துக்கு இல்லாவிட்டாலும் முப்பத்தோராம் நாள் பூசைக்கென்று அடுத்த பிளேனிலேயே ஏறிவிடுவான். அப்படித்தான் போன மாதம் பக்கத்து வீட்டுச் செல்வரத்தினம் தாயைப் பார்க்க வந்தான். பிளேனால் இறங்கினவன் இன்னும் வீடு வந்து சேரவில்லை. பிடித்தவர்கள் ஆர், கொண்டுபோன இடம் எது, ஒன்றும் தெரியாது. புருசனைக் கொடுத்தது போதும், பிள்ளையையும் கொடுக்க அவளால் ஏலாது.

"அம்மா, அப்பு எங்கை?"

மேரிறோஸ் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்து, ஒருமாதிரிச் சொன்னாள்.

"கடலுக்குப் போயிட்டார் மோனை."

அவள் சுணங்கிச் சொன்னது அவனுக்குப் பிடிபடவில்லை. அந்தக் கோலில் எதைக் கேட்டாலும் மறுமொழி ஆடி அசைந்துதான் வந்தது.

"தங்கச்சி சுகமோ?"

"ஓம்" என்றாள். அந்த ஓம் போய்ச் சேருமுன்னே அவன் அந்தரப்பட்டு அடுத்ததைக் கேட்டுவிட்டான்.

"மனம் கேக்குதில்லையம்மா. மத்தியானப் பிளேனுக்கு ரிக்கற் எடுத்து வைச்சிருக்கிறன். வரட்டோ?"

தங்கச்சிக்குச் சொன்ன ஓம் அப்போதுதான் அவன் காதில் விழுந்தது.

"சரியம்மா, அப்ப வாறன்!"

"ஐயோ, வராதை!" என்று அவள் கத்த, அவனும் அங்கே கதைக்க, இரண்டு குரலும் ஒன்றோடொன்று மோதின. லைன் அறுந்தது.

"தம்பி சிவபாதம், திருப்பி எடுத்துத் தாரும்! பெடியன் வெளிக்கிடப் போறான்!"

கந்தோரில் ரெலிபோன் பார்க்கும் சிவபாதம் பதறிப்போனான். காலையில் செத்தவீட்டுக்குப் போய் வந்தவன் அவன்.

"அக்கா, உந்தக் கதை வானத்திலை சுத்திற செய்மதிக்கு ஏறி இறங்கித்தான் போகுது, அதுதான் சுணங்குது. திருப்பி எடுத்தாலும் இதே கூத்துத்தான்."

"நாசமாய்ப் போன செய்மதி! வேற வழியே இல்லையோ?"

சிவபாதம் கொஞ்சம் யோசித்தான். "ஒண்டு இருக்கு. கடலுக்கடியாலை புதுசாய்க் கம்பி போட்டிருக்கிறாங்கள். அதிலை போனால் மேலை ஏறத் தேவையில்லை, கேட்ட கையோடை மறுமொழி. கொழும்புக் கந்தோர்தான் அந்த லைனை விடவேணும்."

கொழும்பைப் பிடித்து, அரைச் சிங்களத்திலும் அரை இங்கிலீசிலும் கெஞ்சினான். இரு என்றார்கள். இருந்தான். இல்லை என்றார்கள். திரும்பவும் கெஞ்சினான். மேரிறோஸ் சீமெந்து நிலத்தில் முழங்காலில் நின்று செபமாலையை உருட்டினாள். வீட்டில் சனம் அவளைத் தேடும், சவப்பெட்டி வந்திருக்கும். மணி பதினொன்று தாண்டியது. மாதாவே, பிள்ளை வீட்டுப் படியைத் தாண்டக்கூடாது.

"அக்கா, கிடைச்சிட்டுது! கம்பியாலைதான்!"

"அம்மா?"

அடுத்த அறையில் நின்று கூப்பிடுவதுபோல் இருந்தது.

"யூட், வராதை ராசா! நான் ஓம் எண்டது தங்கச்சி சுகமோ எண்டதுக்கு. உன்னை வரச் சொல்லேல்லை. வந்தால் செல்வரத்தினத்தைப்போலத்தான்!"

"அப்பிடியோ? நான் பெட்டியும் கையுமாய் வாசல்லை நிக்கிறன். சரியம்மா, வரேல்லை."

"சத்தியமாய்?"

"சத்தியமாய்."

அப்பாடா என்றிருந்தது. சிவபாதமும் சிரித்துவிட்டான். அந்த இடத்திலேயே ரெலிபோனை வைத்திருக்கவேண்டும். ஆனால் பெத்தவளுக்குப் பிள்ளையின் குரல் இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது.

"அப்பு இப்ப கரைக்கு வந்திட்டாரோ?" என்றான் யூட்.

வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. வெள்ளைத் துணியால் தாடையைக் கட்டின அந்த முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. இரண்டு மூச்சு நேரம், அவ்வளவுதான்.

"வந்திட்டார்."

"ஏனம்மா உடனை சொல்லேல்லை?"

"லைன் மோனை... செய்மதியாலை சுணங்கித்தான் வரும்."

"இல்லையம்மா. இப்ப நீங்கள் சொன்னதெல்லாம் உடனை உடனை வந்தது. இது ஒண்டுதான் சுணங்கினது."

லைனில் கேட்டுக்கொண்டிருந்த சிவபாதம் சிரிப்பை நிறுத்தி மேசையைப் பார்த்தான். அந்தக் கம்பியைக் கெஞ்சி வாங்கிக் கொடுத்தவன் அவன்.

"அடக்கம் எத்தினை மணிக்கு?" யூட் அழவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டான்.

"நாலு மணிக்கு" என்றாள் மேரிறோஸ்.

ஒரு மூச்சும் சுணங்காமல் அது வாயால் வந்துவிட்டது. வந்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது.

"ஐயோ, யூட், சத்தியம் பண்ணினனியெல்லே! வராதை ராசா, வராதை..."

பாரிசில் ரெலிபோனை வைத்தான். அந்தச் சத்தமும் உடனேயே கேட்டது.