கூடைக்காரி வேடத்துக்கு ஆள் இல்லை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. சாம்பொவாங்கா நகரச் சந்தையிலிருந்து மேற்குக் கரைக்குப் போகும் ஜீப்னி என்ற சிறு பேருந்தில், எனக்கு எதிரே இருந்த ஒரு டீச்சர் தன் தோழியிடம் சொல்லிக்கொண்டு வந்ததை ஒட்டுக்கேட்டேன். ஜீப்னியே ஒட்டுக்கேட்பதற்காகக் கட்டியதுபோலத்தான் இருக்கும். நீளவாக்கில் இரண்டு பலகைகள், எதிரெதிரே முகங்கள், முழங்காலோடு முழங்கால். கதை சூடுபிடித்த இடத்தில் டீச்சர் விரல் முட்டியால் கூரையைத் தட்டினார். வண்டி நின்றது. இறங்கிவிட்டார். தோழி தலையை வெளியே நீட்டி, "அடியே, அப்புறம் என்னடி ஆச்சு?" என்று கத்தினாள். டீச்சர் திரும்பி ஏதோ சொன்னார். எஞ்சின் சத்தத்தில் எங்கள் இருவருக்குமே கேட்கவில்லை.

ஆகவே முடிவு எனக்குத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. மற்றவற்றில் பாதி அவர் சொன்னது, பாதி நான் இட்டு நிரப்பியது. அவருக்கு மரிவிக் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

தொடங்கிப் பார்த்தேன்.

"கடலும் வானமும் கலக்கும் விளிம்பில், தண்ணீருக்குமேல் கால் ஊன்றி நிற்கும் வீடுகளிலிருந்து ஒரு சிறுமி—"

அடித்துவிட்டேன். அழகு வந்ததும் சிறுமி காணாமல் போனாள்.

"ஏழையாக இருந்தாலும் அவள்—"

இப்படித் தொடங்கும் வாக்கியம் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

"இரண்டாம் வகுப்பில் பெஞ்சுக்கு மூன்று பேர். கடைசிப் பெஞ்சில் மட்டும் ஒருத்தி."

இது இருக்கட்டும்.

2

அந்த ஒருத்தி ஜுமைனா. படகிலும் கால்வீடுகளிலும் வாழும் பஜாவ் குடும்பத்துப் பெண். ஊரில் 'பஜாவ்' என்பதை இனப்பெயராகச் சொல்வதைவிட வசையாகச் சொல்வதுதான் அதிகம். வகுப்பில் கிறித்தவப் பிள்ளைகளும் உண்டு, தவுசுக் முஸ்லிம் பிள்ளைகளும் உண்டு. எந்தத் திருநாளுக்கு விடுமுறை, எந்த மதியச் சாப்பாட்டை யார் தொடக்கூடாது என்று அவர்களுக்குள் ஆயிரம் வழக்கு. ஒன்றில் மட்டும் பூரண ஒற்றுமை: ஜுமைனாவுக்குப் பக்கத்தில் உட்காரக்கூடாது.

இடைவேளையில் அவள் மரவள்ளிக்கிழங்குப் புட்டும் வறுத்த மீனும் தின்பாள். [அவர்கள் வாயிலும் அதன் பெயர் ஏறக்குறைய புட்டுதான். இதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே வேண்டாம்.]

மரிவிக் ஒருமுறை ஆணை போட்டுப் பார்த்தார். பிரின்சஸ் என்ற சிறுமியை எழுப்பி, "போய் ஜுமைனா பக்கத்துல ஒக்காரு" என்றார். பிரின்சஸ் போனாள். பெஞ்சின் நுனியில் பாதி உடம்பை வைத்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மணியடிக்கும்வரை இருந்தாள். ஜுமைனா அவ்வளவு நேரமும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதோடு மரிவிக் ஆணை போடுவதை நிறுத்தினார்.

பிறகு ஒருநாள் ஜுமைனாவின் அம்மா வந்தார். வாசற்கதவுக்குள் வரவில்லை, வெளியிலேயே நின்று பேசினார்.

"புத்தகம் புடிக்கும்னுதான் டீச்சர் இவ வர்றா. படம் போட்ட புத்தகம்னா உசுரு. ஆனா தெனம் தனியா ஒக்காந்துட்டு வர்ற பிள்ளைய எத்தன நாளு அனுப்பறது? வாசிப்பு விழா வரைக்கும் பாக்கறேன். அன்னைக்கும் இப்படித்தான்னா வீட்டோட இருக்கட்டும். எங்க வீட்ல அவ பக்கத்துல ஒக்கார ஆளிருக்கு."

"விழா வரைக்கும் கண்டிப்பா அனுப்புங்கம்மா" என்றார் மரிவிக்.

3

வாசிப்பு விழாவில் ஒவ்வொரு டீச்சரும் தானே வரைந்த பெரிய படப்புத்தகம் ஒன்றை வகுப்புக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்த கையோடு, ஒத்திகை இல்லாமல், பிள்ளைகள் அதை நடித்துக் காட்ட வேண்டும். கல்வி அலுவலகத்திலிருந்து பார்த்து மார்க் போட வருவார்கள்.

கப்பல் கம்பெனி கொடுத்த பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் மரிவிக் வரைந்தார். கதை இது: மீன்கூடையோடு ஒரு சிறுமி ஜீப்னியில் ஏறுகிறாள். யாரும் நகர்ந்து இடம் விடுவதில்லை. "காசு, கொஞ்சம் கை மாத்தி விடுங்க" என்று நீட்டுகிறாள். ஒரு கையும் நீளவில்லை.

[தமிழ் வாசகருக்கு மட்டும்: ஜீப்னியில் நடத்துநர் கிடையாது. பின்வாசலில் ஏறுகிறவரின் காசு உள்ளங்கை உள்ளங்கையாக நகர்ந்து ஓட்டுநரிடம் போகும். மீதிச் சில்லறை அதே கைகள் வழியே திரும்பி வரும். இந்த நகரத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் தொடுவது அனேகமாக இதற்கு மட்டும்தான்.]

பிறகு ஒரு பணக்கார அம்மாளின் பர்ஸ் தெருவில் விழுகிறது. சிறுமி குதித்து ஓடி எடுத்துவந்து கொடுக்கிறாள். எல்லாரும் கைதட்டி, நகர்ந்து, இடம் கொடுக்கிறார்கள். சுபம்.

விழாவுக்கு முன்பே ஒருநாள் அதை வகுப்பில் வாசித்துப் பார்த்தார்.

"டீச்சர், பர்ஸ்ல எவ்ளோ இருந்துச்சு?" என்றான் ஜுன்ரே. வகுப்பின் பெரிய வாய் அவன்.

"அவ திரும்பிக் குடுத்ததுக்கு அப்புறம் நீ எண்ணிப் பாரு" என்றார் மரிவிக். சிரிப்பு.

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "பர்ஸ் விழாம இருந்திருந்தா?"

எல்லாரும் திரும்பினார்கள். ஜுமைனா வகுப்பில் பேசுவது அபூர்வம்.

"விழாம இருந்திருந்தா என்ன?" என்றார் மரிவிக்.

"ஜீப்னியில நிக்க முடியாது டீச்சர். தல இடிக்கும். எறங்கற வரைக்கும் குனிஞ்சுட்டேதான் வந்திருப்பாளா?"

(இங்கே கதையை நிறுத்தி ஒரு பத்தி பேசிவிடுகிறேன். அன்பையும் துணிவையும் நியாயத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் படப்புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய வாசித்திருக்கிறேன். அவற்றில் ஒதுக்கப்பட்ட நண்டு முதலில் வெள்ளத்திலிருந்து குளத்தையே காப்பாற்றும். அப்புறம்தான் மற்ற நண்டுகள் அதை விளையாடச் சேர்க்கும். அன்புக்கு நுழைவுத்தேர்வு வைக்கிறோம், நண்டைத் தள்ளிவைத்தவர்களுக்கு வைப்பதில்லை, தள்ளிவைக்கப்பட்டதற்கு வைக்கிறோம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் அலமாரி தேவைப்பட்டது. ஜுமைனாவுக்கு ஒரு புத்தகம் போதுமாக இருந்தது. பத்தி முடிந்தது.)

அன்று சாயங்காலமே மரிவிக் பர்ஸ் வரும் பக்கங்களைக் கிழித்தெடுத்தார்.

4

தலைமையாசிரியை டெல்ஃபினாவை முதலில் வில்லியாக எழுதினேன். வேலைக்காகவில்லை. கப்பல் கம்பெனிக்கு நடந்து நடந்து அந்த நாள்காட்டிகளைக் கேட்டு வாங்கி வந்தவரே அவர்தான். உள்ளபடியே எழுதுகிறேன்.

"மரிவிக், பர்ஸ் எங்க?"

"எடுத்துட்டேன், மேம்."

"அப்ப எதுக்காக எல்லாரும் நகர்றாங்க?"

"ஒரு ஆள் ஏறினா நகரணும். அதுக்காகத்தான்."

"இதுல நீதி எங்கம்மா இருக்கு? பாக்க வர்றவங்க கேப்பாங்களே."

"அதான் மேம் நீதி."

டெல்ஃபினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ சொன்னா எனக்குப் புரியுது. மார்க் போடறவங்களுக்குப் புரியணுமே! பேசாம அந்தப் பக்கத்த ஒட்டிடு. கோந்து நான் தர்றேன்."

"கோந்து இருக்கு மேம். ஒட்டத்தான் மாட்டேன்."

"உங்கிட்ட பேசி ஜெயிக்கிறதுக்கு நான் பர்ஸுக்குப் பின்னாடியே குதிச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார் டெல்ஃபினா. ஆனால் தடுக்கவில்லை. அதையும் பதிவு செய்ய வேண்டும்.

5

விழா நாள். பின்சுவரோரம் அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு பேர், மடியில் காகிதத்தோடு. ஜன்னல்களுக்கு வெளியே பெற்றோர். அவர்களிலிருந்து கொஞ்சம் தள்ளி, கம்பியைப் பிடித்தபடி ஜுமைனாவின் அம்மா.

வாசிப்பு முடிந்தது. இரண்டு பெஞ்சுகளை எதிரெதிரே போட்டார்கள். அதுதான் ஜீப்னி. காசுக்குப் பாட்டில் மூடிகள். மரிவிக் ஆள் எடுத்தார். ஓட்டுநர் என்றதும் பையன்கள் எல்லாரும் எழுந்தார்கள், ஜுன்ரே ஏற்கெனவே முன்னால் போய் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். பணக்கார அம்மாள் வேடம் பிரின்சஸுக்கு. தூங்கிவழியும் பயணி வேடத்துக்கு அடிதடி.

"கூடைக்காரி யாரு?"

முப்பது தலைகளும் கடைசிப் பெஞ்சுக்குத் திரும்பின.

"ஜுமைனாதான் டீச்சர்! அவ நடிக்கவே வேணாம்!"

"கூடையும் அவ வீட்லயே இருக்கும்!"

சிரித்தார்கள். வெளியே நின்றவர்களில் சிலரும் சிரித்தார்கள். ஜுமைனா எழுந்தாள். நடந்து வந்தாள். மரிவிக்கின் கையில் சந்தையிலிருந்து இரவல் வாங்கிய நிஜக் கூடை இருந்தது. அதை ஒரு பார்வை பார்த்தாள். கடந்து போனாள். முன்னால் போய், ஓட்டுநருக்கு நேர் பின்னால் பெஞ்சின் முனையில் உட்கார்ந்தாள்.

"நான் இங்க, டீச்சர். காச வாங்கிக் குடுக்கறவ."

(அந்த இருக்கையைக் கவனியுங்கள். யார் காசு கொடுத்தாலும் கடைசியாக அந்த உள்ளங்கையில்தான் விழ வேண்டும்.)

பெஞ்சில் அவளுக்கு அடுத்து இருந்த பிரின்சஸ் ஒரு சாண் தள்ளிக்கொண்டாள். "அப்ப நாங்க எல்லாரும் இவ கையிலயா குடுக்கணும்?"

"பின்ன? பறந்து வருமா?" என்று ஜுன்ரே திரும்பாமலே கத்தினான். "நான் வண்டி ஓட்டிட்டிருக்கேன்ல! சீக்கிரம் காச எடும்மா, சும்மா ஏறிக்கிட்டு!"

வகுப்பு சிரித்தது, இந்தமுறை பிரின்சஸைப் பார்த்து. அவள் இரண்டு விரல் நுனியால் மூடியைப் பிடித்து ஜுமைனாவின் கையில் போட்டாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ஜுமைனா மூடியை முன்னால் நீட்டி, "சந்தையில ஏறினது, ஒருத்தர்! மீதி குடுங்கண்ணே!" என்றாள். நிஜ ஜீப்னியில் கேட்கும் அதே குரல். அடுத்த மூடி வந்தது. அதற்கடுத்தது.

"சரி" என்றார் மரிவிக். "கூடைக்காரி யாரு?"

ஒரு கையும் எழவில்லை. வண்டியில் இருந்தவர்கள் தங்களுக்கு வேடம் இருக்கிறது என்றார்கள். இல்லாதவர்கள் கால் வலி என்றார்கள்.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

பிரின்சஸ் எழுந்து கூடையை வாங்குகிறாள். நன்றாகவே வந்தது, கண்ணில் நீர்கூட வந்தது. அழித்துவிட்டேன். சற்றுமுன் பாவாடையில் கையைத் துடைத்தவள் அரைப் பக்கத்தில் மாறமாட்டாள். நானும் ஒரு பர்ஸை விழவைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஜுமைனாவின் அம்மா உள்ளே வந்து கூடையை எடுக்கிறார். வேண்டாம். மகள் மாட்டேன் என்று கடந்துபோன வேடத்தைத் தாயின் தலையில் கட்டுவதற்கு நான் யார்?

டீச்சரே ஏறுகிறார். இதை மரிவிக் கேட்டே பார்த்தாராம். "நான் ஏறட்டுமா?" என்றார். பதில் சொன்னது ஜுமைனாதான்.

"நீங்க ஏறினா எல்லாரும் எந்திரிச்சுருவாங்க. நீங்க டீச்சர்."

7

பின்சுவரோரம் ஒருவர் இருமினார். டெல்ஃபினா கதவருகே நின்று கடிகாரத்தைக் காட்டினார். அப்படியே ஆரம்பித்துவிடு என்று கையால் சைகை செய்தார்.

"ஆள் ஏறாம வண்டி எடுக்க முடியாது, மேம்" என்றார் மரிவிக், எல்லாருக்கும் கேட்கும்படி. மார்க் போகும் என்று அவருக்குத் தெரியும். யார் பெயரையும் சொல்லி அழைக்கவில்லை. கூடையைக் கொண்டுபோய் இரண்டு பெஞ்சுகளும் முடிகிற இடத்தில், பின்வாசல் இருக்க வேண்டிய தரையில் வைத்தார். கைகட்டி நின்றார். நாள் முழுக்க நிற்கப் போகிறவரைப்போல.

ஜுன்ரே வாயால் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தான்.

அப்போது முன்னாலிருந்து ஜுமைனா திரும்பிப் பின்வாசலைப் பார்த்தாள். வழக்கமாக வண்டியில் யாராவது சொல்வதை, வழக்கமான எரிச்சலோடு சொன்னாள்: "உள்ள நகருங்கப்பா. ஆள் ஏறணும்ல?"

நகர்ந்தார்கள். யோசித்து நகரவில்லை. இந்த ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் உடம்பு தானாக நகரும், பிறந்ததிலிருந்து பழக்கம். பின்னால் இடம் வர வேண்டுமானால் முன்னால் நெருங்க வேண்டும். வாசலோரம் இருந்தவன் பக்கத்தில் இருந்தவளை இடித்தான், அவள் தூங்கும் பயணியை இடித்தாள், அவன் விழித்துக்கொண்டு பிரின்சஸை இடித்தான். பிரின்சஸுக்கும் ஜுமைனாவுக்கும் நடுவே இருந்த ஒரு சாண் இல்லாமல் போனது. தோளோடு தோள். பிரின்சஸ் மூக்கைப் பொத்தினாளா என்று டீச்சர் சொல்லவில்லை. பின்வாசலோரம் ஓர் ஆள் உட்காரும் அளவு பலகை காலியாகத் தெரிந்தது.

இந்த இடத்தில்தான் அவர் கூரையைத் தட்டி இறங்கிப்போனார்.

விழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை ஜுமைனா பள்ளிக்கு வந்தாளா என்று எனக்குத் தெரியாது. அவள் அம்மா கம்பியை விட்டு நகரவில்லை, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். முப்பது பிள்ளைகள், பார்க்க வந்தவர்கள், டெல்ஃபினா, நான், எல்லாரும் தரையில் இருக்கும் கூடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு ஒரு சாக்கு இருக்கிறது: எழுதுகிறவன், கை ஒழிவில்லை. உங்கள் கை ஒழிவாகத்தான் இருக்கிறது.

கூடை கனமில்லை, மீன் எதுவும் அதில் இல்லை. இடம் விட்டிருக்கிறார்கள். காசை நீட்டினால் வாங்கிக் கொடுக்க முன்னால் ஒருத்தி இருக்கிறாள்.

கூரை தாழ்வு. தலை இடிக்கும், பார்த்து ஏறுங்கள்.