நாற்பது தூக்கம்

சித்தூர் சர்வே ஆபீஸில் முப்பத்துநாலு வருடம் செங்கமலம் ஊரார் வயல்களுக்கு எல்லை வரைந்தாள். கோடு மற்றவர்கள் சொன்ன இடத்தில் தொடங்கும், சொன்ன இடத்தில் முடியும். அவளுக்கு வரைய ஆசையெல்லாம் மூக்கு, காது, மோவாய். அதனால் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடமே ஓய்வுபெறும் நாளைக் கற்பனை செய்ய ஆரம்பித்துவிட்டாள். மாடியறை, வடக்கு ஜன்னல், பெரிய மேசை, கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். வருடத்துக்கு வருடம் மேசையின் அளவு மாறியதே தவிர தாழ்ப்பாள் மாறவில்லை.

அறுபத்திரண்டு முடிந்து மே மாதம் மாலையும் சால்வையுமாக வீட்டுக்கு வந்தாள். மாடியறையில் மகன் ஹரிபிரசாத் பெங்களூர் கம்பெனிக்கு லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். செங்கமலம் கூடத்தில் வரைகிற அட்டையை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

"சும்மாதானே கீறீங்க அத்தை, கேஸ்காரன் வந்தா சிலிண்டர வாங்கி வச்சிடுங்க" என்றாள் மருமகள் பிரித்திகா.

"இன்னாமே, சும்மா உக்காந்துகினு கீறே? ஒரு டீ போடு" என்றார் கணவர் வேதாச்சலம். மாங்கூழ் ஆலையில் பாய்லர் பார்த்து ஓய்ந்தவர். அவர் உட்கார்ந்திருப்பதை மட்டும் யாரும் சும்மா என்று சொல்வதில்லை.

மூன்று மாதத்தில் அவள் வரைந்து முடித்தது ஒரு காது.

பெண்களுக்குப் பஸ் பயணம் இலவசமான அந்த ஆகஸ்டில், ஒரு கல்யாணத்துக்குத் திருப்பதி போய்த் தனியாகத் திரும்பினாள். மதியப் பஸ் முழுக்க மொட்டைகள். ராத்திரியெல்லாம் தரிசன வரிசையில் நின்றவர்கள், பஸ் கிளம்பியதும் அப்படியே சாய்ந்துவிட்டார்கள். தலையில் சந்தனம் காய்ந்து வெடித்த ஒரு தாத்தா, அம்மா மடியில் வழுவழுத் தலையோடு ஒரு குழந்தை. முடி மறைக்காததால் ஒவ்வொரு மண்டையின் வடிவமும் பளிச்சென்று தெரிந்தது. செங்கமலம் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்தாள். யாரும் அசையவில்லை. யாரும் டீ கேட்கவில்லை. சித்தூர் வருவதற்குள் மூன்று முகங்கள் முடிந்திருந்தன.

அன்று திருப்பதியில் ஒரு சின்ன ஓவியக் கூடத்தின் வாசலில் அறிவிப்பு ஒன்றும் பார்த்திருந்தாள். புதியவர்களுக்குப் படம் மாட்ட ஜனவரியில் ஒரு வாரம் சுவர் தருவார்கள். ஒரே பொருளில் நாற்பது படங்கள், டிசம்பர் இருபதுக்குள்.

சாப்பிடும்போது பொய் சொன்னாள். "திருப்பதில ஒரு இன்ஜினியர் ஆபீஸ்ல பிளான் போடக் கூப்பிட்டாங்க. திங்கக்கிழமை சேரணும்."

வீட்டில் மரியாதையே மாறிப்போனது. சும்மா இருக்கிறவளுக்குக் கிடைக்காத நேரம், வேலைக்குப் போகிறவளுக்குக் கேட்காமலே கிடைத்தது. காலை ஏழே முக்கால் பஸ்ஸில் போவாள். திருப்பதியில் இறங்கி ஒரு காபி குடிப்பாள். மொட்டைகளோடு மதியப் பஸ்ஸில் திரும்பி, பஸ் நிலையத்தில் உட்கார்ந்து பென்சில் கோடுகளுக்கு மேல் மை போட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போவாள். கண்டக்டர் யமுனா அவளுக்கென்று ஒரு சீட்டைப் பிடித்து வைப்பாள். "ஏமம்மா, இன்னைக்கு எத்தனை மொட்டை?" என்பாள்.

பஸ் குலுங்கினால் பென்சில் எகிறும். முதலில் அழித்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். காணிப்பாக்கம் முக்கு வேகத்தடை எல்லாப் படத்திலும் எங்காவது ஓரிடத்தில் இருந்தது. ஆபீஸாக இருந்தால் தாளையே மாற்றச் சொல்லியிருப்பார்கள்.

டிசம்பர் இரண்டாம் தேதி, அவளுக்கே திருப்தியான படங்கள் முப்பத்தொன்று சேர்ந்திருந்த நாளில், மதியப் பஸ்ஸில் வேதாச்சலம் வந்து அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். காலையிலிருந்தே பின்சீட்டில் துண்டைப் போர்த்திக்கொண்டு தொடர்ந்திருக்கிறார்.

"எந்த இன்ஜினியர் ஆபீஸ்மே இது?"

"இதுதான். நல்லா உக்காருங்க."

"பஸ் ஸ்டாண்டுல கடை வச்சிகினு கீற சலீம் மூணு தபா பாத்தானாம். போன வேகத்துல மதியப் பஸ்லயே திரும்பி வந்துகினு கீறியாம். உனக்கு ஞாபகம் தப்பிப்போச்சுன்றான். ராத்திரி பூரா நான் கண்ணு மூடல."

அவள் நோட்டைக் கொடுத்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"எல்லாம் தூங்கறானுங்களே?"

"முழிச்சிகினு கீறவங்க வேலை சொல்றாங்க."

அவர் நோட்டை மூடி அவள் மடியில் வைத்தார். "போதும். இன்னைக்கே பசங்க கிட்ட சொல்லிடறேன். நாளையிலருந்து வீட்டோட இரு."

இன்னும் ஒன்பது படம், பதினெட்டு நாள். செங்கமலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சந்திரகிரி தாண்டும் முன்பே பக்கத்தில் குறட்டை கேட்டது. திரும்பிப் பார்த்தாள். தலை பின்னால் சரிந்து, மீசை மேலே போய், வாய் குகை மாதிரித் திறந்திருந்தது. பென்சிலை எடுத்தாள்.

பூதலப்பட்டில் அவர் விழித்தபோது கடைவாய்ப் பல்லுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே இது? வாய மூடிப் போடு."

"தொறந்துதான் இருந்துது."

"அழிமே. நாலு பேரு பாப்பாங்க."

"முப்பத்துநாலு வருசம் பக்கத்துல நிக்கிறவங்க சொன்ன எடத்துல கோடு போட்டேன். இது என் கோடு. அழிக்க மாட்டேன். நாளைக்கும் இதே பஸ்ஸுக்கு வருவேன். வீட்ல நீங்க சொல்ல வேணாம், நானே சொல்றேன்."

பின்சீட்டு மொட்டை எட்டிப் பார்த்துத் தெலுங்கில் வியந்தார்: "அச்சம் மீரே, சார்!" அச்சு அசல் நீங்களேதான் என்று. வேதாச்சலம் அவரை முறைத்தார். நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"மீசை நல்லா வந்துகீது" என்றார்.

அன்று மாலை செங்கமலம் கூடத்தின் நடுவில் நின்று சொன்னாள். இன்ஜினியர் ஆபீஸ் எதுவும் இல்லை. வரையத்தான் போனாள். டிசம்பர் இருபது வரைக்கும் போவாள், அதற்குப் பிறகும் போவாள். ஹரிபிரசாத் அப்பாவைப் பார்த்தான்.

"என்னை இன்னாடா பாக்கறே? உங்கம்மாதான் சொல்லிட்டாளே" என்றார் வேதாச்சலம்.

பத்தொன்பதாம் தேதி நாற்பது படங்களையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஜனவரியில் வெள்ளைச் சுவரில் நாற்பது பேர் தூங்கினார்கள். வந்தவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். யமுனா சீருடையோடு ஓடிவந்து, தன் பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பதினேழு படங்களில் கண்டுபிடித்தாள். வேதாச்சலம் சுவரின் கடைசியில் மாட்டியிருந்த தன் படத்தருகே புதுச்சட்டையில் நின்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் "நான்தான், நேனே" என்று இரண்டு மொழியிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலூரிலிருந்து வந்த ஒரு பல் டாக்டர் அந்தப் படத்தை விட்டு நகரவே இல்லை. "இது எங்க கிளினிக்குக்கு வேணும். பேஷண்டுங்க உக்கார்ற எடத்துல மாட்டணும்."

"இது விக்கறதுக்கு இல்ல சார்" என்றார் வேதாச்சலம்.

"விக்கறதுதான். எடுத்துக்குங்க" என்றாள் செங்கமலம்.

"புருசனையே வித்துட்டியேமே!"

"படத்தத்தான் வாங்கறாரு. உங்கள யாரு வாங்குவாங்க?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. சட்டத்தைக் கழற்றிப் பார்த்த டாக்டர், "கையெழுத்து எங்கம்மா?" என்றார். போடவே இல்லை. அவள் வரைந்து கொடுத்த ஆயிரக்கணக்கான வரைபடங்களில் கையெழுத்து எப்போதும் அதிகாரியுடையது. அந்தப் பழக்கம் கையில் ஊறியிருந்தது. செங்கமலம் பேனாவைத் திறந்தாள். கணவரின் மோவாய்க்குக் கீழே, தமிழில், முழுப்பெயராக, தூரத்திலிருந்தும் படிக்கிற அளவுக்குப் பெரிதாகப் போட்டாள். பிறகு பேனாவை மூடாமலே, மற்ற முப்பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து இறக்கித் தரச் சொன்னாள்.