கருப்பனின் தட்டு

செத்துப்போன நாய்கள் மூன்றும் 1992ஆம் வருஷப் பொங்கலன்று மாலை நாலரை மணிக்குக் காக்ஸ் டவுனில் இருந்த பாஞ்சாலி வீட்டுக்குச் சாப்பிட வந்தன. அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. முதலில் வந்தது ஜிம்மி, அவள் சிறுமியாக இருந்தபோது வளர்ந்த பழுப்பு நாய். மீன்காரியின் கூடைக்குள் தலையை விட்டு வாரம் ஒருமுறை அடி வாங்கும். அடுத்தது டைகர். பெயர்தான் புலி, தீபாவளி வெடிக்குப் பயந்து மூன்று நாள் கட்டிலுக்கடியில் கிடக்கும். கடைசியாக ராணி, ஒரே ஈற்றில் பதினொரு குட்டி போட்டு, அந்தக் களைப்பைச் சாகும்வரை முகத்தில் வைத்திருந்தவள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒவ்வொன்றாகக் கேட்டைத் தாண்டி வரும், தட்டை நக்கித் துடைக்கும், போய்விடும். செத்த நாய்கள் குரைப்பதில்லை, ஈரத்தரையில் கால்தடம் வைப்பதில்லை. மற்றபடி உயிருள்ள நாய்க்கும் அவற்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்பதே தெருவின் அபிப்பிராயமாக இருந்தது. நாய் பிடிக்கும் வண்டி ஒருமுறை வந்தது. வலை மூன்று தடவையும் காலியாகவே திரும்பியதால், வந்தவர்கள் முனைக்கடையில் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் சிரில் வாடகை ஒப்பந்தத்தில் நாய் கூடாது என்று எழுதி வாங்கியவர். இரண்டு நாள் யோசித்து, செத்த நாயைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்.

தட்டுகள் நான்கு. பாஞ்சாலியின் கணவன் ஜெயராமன் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவன் என்பதால், ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் தமிழில் பெயர் எழுதிக் கொடுத்திருந்தான். நான்காவது தட்டு கருப்பனுடையது. அவன் மட்டும் வரவில்லை. பாஞ்சாலி "கருப்பா, கருப்பா" என்று தொண்டை வற்றக் கூப்பிடுவாள். சோறு காய்ந்து ஓரம் கட்டியதும் எடுத்து மதில்மேல் வைப்பாள், காக்கைகள் தின்னும்.

கருப்பன் விஷயத்தில் நடந்தது இதுதான். காவிரித் தண்ணீரை வைத்துத் தமிழர்களைத் தேடி அடித்து, ஊர் பற்றி எரிந்த 1991 டிசம்பரில், அவர்கள் மைசூர் ரோடு பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தார்கள். அந்த வாரம் ஜெயராமனுக்குக் கை ஓயாத வேலை. தமிழில் போர்டு வைத்திருந்த சலூன், மளிகைக்கடை, சைக்கிள் கடை என்று அத்தனை பேரும் கன்னடத்தில் மாற்றி எழுதச் சொல்லி வந்து நின்றார்கள். நாலு நாள் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, பாஞ்சாலி வாசலில் நின்று நாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊர் போர்டு எல்லாம் மாத்திட்டேன். நம்ம வூட்டு போர்டு நாலு காலோட தெருவுல ஓடுது. அதுக்கும் பேரை மாத்துடி" என்றான்.

அப்படித்தான் கருப்பன் கரியா ஆனான். கன்னடத்தில் அதற்கும் கருப்பு என்றுதான் அர்த்தம். பாஞ்சாலி மூன்று நாளில் பழக்கினாள். "கரியா" என்று கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்தால் பேக்கரி பன்னில் ஒரு துண்டு. "கருப்பா" என்று கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்தால் மூக்கில் ஒரு அடி. முதல் நாள் பதினெட்டு அடி விழுந்தது. தன் பெயருக்கே எதற்கு அடி என்று புரியாமல் அவன் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை அவள் கடைசிவரை மறக்கவில்லை. மூன்றாம் நாள் காதோடு வாய் வைத்துக் "கருப்பா" என்றாலும் அவன் அசையவில்லை. கெட்டிக்கார நாய். அதுதான் வினையாயிற்று.

நாலாம் நாள் தப்பிப்போக ஒரு டெம்போ கிடைத்தது. தார்ப்பாயின் கீழே பதினாறு பேர். "நாய் வேணாம்மா, வழியில கொலைச்சுதுன்னா பதினாறு உசுரும் போயிரும்" என்றான் டிரைவர். பாஞ்சாலி பின்கட்டில் கொய்யா மரத்தில் அவனைக் கட்டினாள். இங்கேயே இரு, சத்தம் போடாதே, கரியா என்று கூப்பிட்டால் மட்டும் வா என்று, கற்றுக்கொடுத்த கன்னடத்திலேயே சொன்னாள். அடுத்த வீட்டு கோவிந்தப்பா பஸ் கண்டக்டர், நல்ல மனுஷர். ரெண்டு வேளையும் தானே சோறு வைப்பதாகச் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அவள் போய்ப் பார்த்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கொய்யா மரம் ஒரு பக்கம் கரிந்திருந்தது. அதன் கீழே சங்கிலி கிடந்தது. கோவிந்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஓடிப்போச்சு பாஞ்சாலம்மா. அறுத்துக்கினு எங்கயோ ஓடிப்போச்சு" என்றார். சங்கிலி அறுபடாமல் முழுசாகத்தான் கிடந்தது. பாஞ்சாலி அதைப் பார்த்தாள், பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு அவர்கள் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த காக்ஸ் டவுனுக்கு வந்துவிட்டார்கள். பாஞ்சாலி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். கரியா என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் வாயில் எடுக்கவில்லை. அதை நினைத்தாலே அவளுக்கு உள்ளங்கை எரியும். நிரம்பிய தட்டை வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள்.

"அதுக்குக் கோவம். அடிச்சோம், கட்டிப்போட்டோம், வுட்டுட்டு வந்தோம். எந்த மூஞ்சிய வச்சிகினு வரும்?" என்பான் ஜெயராமன்.

"செத்தாதானே இங்க வரும்? அது உசுரோட இருக்குது. எவனோ நல்லவன் சோறு போடுறான்" என்பாள் பாஞ்சாலி. தட்டு நிரம்பியிருக்க நிரம்பியிருக்க அவளுக்கு நம்பிக்கை கூடியது. தட்டு காலியாகிவிடுமோ என்று பயந்து, சில நாள் அவனை மெதுவாகத்தான் கூப்பிட்டாள். வேறு நாய் வளர்க்கவும் இல்லை; கருப்பன் திரும்பி வந்து பார்த்தால் என்ன நினைப்பான் என்பது அவள் கேள்வி. இதற்குள் வருஷம் 2007 ஆகிவிட்டது. கருப்பன் உயிரோடிருந்தால் இருபது வயதுக் கிழவனாக இருக்க வேண்டும். எந்த நாயும் அத்தனை வருஷம் இருப்பதில்லை என்று ஜெயராமன் சொன்னபோது, அவள் எழுந்து போய் விளக்குமாற்றை எடுத்து, பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செத்த நாய்கள் மூன்றும் சாப்பிட்டுவிட்டுப் போகும்போது, கேட்டுக்கு வெளியே வலது தூணோரம் நின்று, காற்றில் எதையோ முகர்ந்து, வாலை ஆட்டிவிட்டுத்தான் போகும். பதினைந்து வருஷமும் இது நடந்தது. நாய்கள் தூணைக் கண்டால் நிற்கும் என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2007 மே மாதம் ஒரு வியாழக்கிழமை, கோவிந்தப்பா மகள் ராதாவின் கல்யாணப் பத்திரிகையோடு விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மணி நாலரை. மூன்று நாய்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அவர் அவற்றைச் சுற்றிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், பத்திரிகையைக் கொடுத்தார். பிறகு நிரம்பிய தட்டைப் பார்த்தார்.

"இது யார்து?"

"கருப்பனுது."

"எந்தக் கருப்பன்?" என்று நெற்றியைச் சுருக்கினார். அவருக்கு அந்த நாயைக் கடைசியாகச் சொல்லிக்கொடுத்த பெயரில்தான் ஞாபகம் இருந்தது. "ஓ, நம்ம கரியா!"

கேட்டின் வலது தூணோரத்தில் ஒரு கறுத்த காது நிமிர்ந்தது. பிறகு தலை தெரிந்தது, உடம்பு தெரிந்தது. பதினைந்து வருஷமாக நின்ற இடத்தில்தான் அவன் நின்றுகொண்டிருந்தான். வயது ஒரு நாள்கூடக் கூடவில்லை. கழுத்தில் சங்கிலி அழுத்திய தடம் இருந்தது. இடது விலாவில் மயிர் கருகித் தோல் தெரிந்தது. உள்ளே வராமல் பாஞ்சாலியின் முகத்தையே பார்த்தான், அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

கோவிந்தப்பா எழுந்து நின்றார். "மூணாம் நாள் கர்ஃபியூ போட்டாங்க. பயந்துகினு நான் வெளிய வர்ல, பாஞ்சாலம்மா. வூட்டைக் கொளுத்துனப்போ அது ஒரு தடவகூட கொலைக்கல. கொலைச்சிருந்தா வந்திருப்பேனோ என்னமோ. நானே அவுத்து, நானே மண்ணு போட்டேன். உன்கிட்ட சொல்ல வாய் வர்ல" என்று சொல்லிவிட்டு, பத்திரிகைக் கட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

சத்தம் போடாதே என்று சொன்னது யார் என்பது பாஞ்சாலிக்குத் தெரியும். அவளுக்குக் கோவிந்தப்பாவின்மேல் கோபம் வரவில்லை, வந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். உசுரோடு இருக்கிறான் என்று பதினைந்து வருஷம் வைத்திருந்த நம்பிக்கை கேட்டுக்கு வெளியே நின்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் எரியும் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"கரியா, பா" என்றாள். பா என்றால் கன்னடத்தில் வா.

அவன் வந்தான். பசியோடு சாப்பிட்டான். கருகிய விலாவில் அவள் கை வைத்தபோது இன்னும் சூடாக இருந்தது. மாலை வேலை முடிந்து வந்த ஜெயராமன் சைக்கிளை நிறுத்தினான், நாய்களை எண்ணினான், உள்ளே போய்க் கையில் இருந்த பெயிண்டை வெகுநேரம் கழுவினான்.

மதில்மேல் காக்கைகள் ஒரு வாரம் காத்திருந்து கத்திவிட்டு சிரில் வீட்டு மதிலுக்கு மாறிக்கொண்டன. ராதா கல்யாணத்துக்கு இருவரும் போய் வந்தார்கள். பாஞ்சாலி தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பேக்கரியில் ஒரு பன் வாங்கினாள். "கரியா, பா" என்று கூப்பிட்டு அவன் சாப்பிட்டு முடித்ததும், பக்கத்தில் உட்கார்ந்து, "கருப்பா" என்பாள். அவன் அசையமாட்டான், மூக்கை மட்டும் உள்ளிழுத்துக்கொள்வான். அவள் அந்த மூக்கின்மேல் கை வைத்துத் தடவிவிட்டு, திரும்பிப் பார்க்காவிட்டாலும் ஒரு துண்டு பன் கொடுப்பாள். அடிக்க மூன்று நாள் போதுமாக இருந்தது. இதற்கு ஏழு மாதம் ஆயிற்று. டிசம்பரில் ஒரு புதன்கிழமை, சோறு போட்டுவிட்டு, வேறு நினைப்பில் "கருப்பா" என்றாள். அவன் திரும்பிப் பார்த்தான்.