உள்ளங்கை முன்னோக்கி

இடக்கை மடங்கவில்லை என்று நெக்குலாய் படியேறி வந்து சொன்னபோது, ஸ்மராந்தா தன் கறுப்புக் கோட்டின் தோள்பட்டையைத் துலக்கிக்கொண்டிருந்தாள். நெக்குலாய், உடற்கூற்றுத் துறையில் சடலங்களைப் பதப்படுத்தும் ஊழியர். கீழ்த்தளத்தில் சவப்பெட்டியில் கிடந்தவன் ஸ்மராந்தாவின் அண்ணன் ஒக்தாவ். நண்பகலுக்குள் அவன் மனைவி பராஸ்கிவா வந்துவிடுவாள். பெட்டி மூடப்படுவதற்கு முன் ஒரு முறை முகம் பார்த்துவிட்டு, நேரே கல்லறைக்குக் கொண்டுபோக ஏற்பாடு.

"வலது கை சொன்ன பேச்சு கேக்குது டாக்டரம்மா. இடதுதான் மரக்கட்டை மாதிரி நிக்குது. பலமா இழுத்தா ஒடிஞ்சிடுமோன்னு விட்டுட்டேன்."

அவள் துலக்குவதை நிறுத்தினாள். நெக்குலாய் விளக்கத் தேவையில்லை. அந்தக் கையை அப்படி வைத்தவளே அவள்தான்.

ஒக்தாவ் டிராம் ஓட்டியவன். வலத் தோளில் தொடங்கி விரல் நுனிவரை இறங்கும் ஒரு வலியை வாழ்நாளில் பாதிக்குமேல் சுமந்தான். எந்த மருத்துவராலும் காரணம் சொல்ல முடியவில்லை. உடற்கூற்றுப் பேராசிரியையான தங்கையும், உனக்கு ஒன்றுமில்லை, நிமிர்ந்து உட்கார் என்றே சொல்லிவந்தாள். கடைசி நோயில் விழுந்தபின், தன் உடலைத் துறைக்குத் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டான்.

"உயிரோட இருக்கிறப்ப ஒருத்தனும் கண்டுபிடிக்கல. செத்தப்புறமாவது உன் பசங்க திறந்து பாக்கட்டும். ஆனா வலது கை மட்டும்தான், இப்பவே சொல்லிட்டேன். இடது பாவம், ஒரு தொந்தரவும் குடுக்காத கை. அதைத் தொடக்கூடாது." ஸ்மராந்தா வாக்குக் கொடுத்தாள்.

பராஸ்கிவாவுக்கு அது பிடிக்கவேயில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தாள். குளிர்காலம் முடிந்து திருப்பித் தரும்போது ஊரில் எல்லாரையும்போல அவரும் கிடக்க வேண்டும்: மார்பின்மேல் கைகள், இடதின்மேல் வலது, நடுவே தேவமாதாவின் சிறு படம். "ஆகட்டும் அண்ணி, அது ஒரு பெரிய காரியமா" என்று ஸ்மராந்தா சொன்னாள். சொன்ன தொனியும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

முதலாண்டு மாணவர்களுக்கு அவள் ஒவ்வோர் ஆண்டும் முதலில் சொல்வது உடலின் நிலையைப் பற்றித்தான். உடல் மேசைமேல் மல்லாந்தோ குப்புறவோ கிடக்கலாம். அது நிமிர்ந்து நின்று உங்களைப் பார்ப்பதாகவே கொள்ள வேண்டும். பாதங்கள் சேர்ந்து, கைகள் பக்கவாட்டில், உள்ளங்கை முன்னோக்கி. இந்த நிலையிலிருந்துதான் முன்புறம், பின்புறம், தலைப்பக்கம், கால்பக்கம், நடுக்கோட்டுக்கு அருகே, நடுக்கோட்டுக்கு அப்பால் என்ற சொற்களுக்குப் பொருள். இடப்புறம் என்றால் உடலின் இடப்புறம். பார்க்கிறவரின் இடப்புறம் அன்று. இதில் ஒரு முறை தவறியவரை அவள் அன்று மேசையருகே நிற்க விட்டதில்லை. அவளுடைய துறையில் எந்தச் சடலமும் உள்ளங்கை கவிழ்ந்து பதமானதில்லை என்பது அவளுக்குப் பெருமை.

இலையுதிர்காலத்தில் ஒக்தாவைக் கொண்டுவந்த அன்று, அவன் கைகள் மார்பின்மேல் குறுக்காக வைக்கப்பட்டு, மணிக்கட்டில் வெள்ளைத் துணிநாடாவால் கட்டப்பட்டிருந்தன. வீட்டில் பராஸ்கிவா கட்டியது. பதப்படுத்தும் வேலையை வேறு யாரிடமாவது விடச் சொல்லி நெக்குலாய் கெஞ்சிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. அழக்கூடாது என்று தீர்மானித்து வந்திருந்தாள். அழாதிருக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி ஒழுங்கு. தலையை நேராக்கினாள். பாதங்களைச் சேர்த்தாள். நாடாவின் முடிச்சை அவிழ்த்து, நாடாவைத் தன் வெள்ளை அங்கியின் பையில் போட்டுக்கொண்டாள். கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கைகளை மேல்நோக்கித் திருப்பினாள். வேலை பிழையின்றி முடிந்தது. ஃபார்மலின் ஏறியது. அண்ணியின் நிபந்தனை அன்று முழுவதும் ஒரு கணமும் அவள் நினைவுக்கு வரவில்லை.

குளிர்காலம் முழுதும் மாணவர்கள் வலத் தோளைப் படித்தார்கள். அறுத்து விடுபட்ட அந்தக் கை இப்போது எப்படி வைத்தாலும் கிடக்கும். கத்தி படாத இடக்கை, அவள் வைத்த நிலையிலேயே இறுகியிருந்தது.

அவள் கீழே இறங்கி வந்தாள். நெக்குலாய் ஒக்தாவுக்குச் சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிவித்து, வலக்கையை மார்பின்மேல் ஏற்றி வைத்திருந்தார். மேசையோரம், வெள்ளைத் துணியின்மேல், ஒரு கத்தியும் இருந்தது.

"ரெண்டே ரெண்டு வெட்டு. சட்டைக் கைக்குள்ள யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

யாருக்கும் தெரியாது. வெட்ட வேண்டிய இடங்களை அவள் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். முழங்கைக்குச் சற்று மேலே, பின்புறம் ஒன்று. தோளில், வெளிப்பக்கம், மேலிருந்து கீழாக ஒன்று. சொற்கள் தவறாமல் வந்தன. அவற்றைக் கேட்டால் எவருடைய கை என்று எவராலும் சொல்ல முடியாது. சட்டைக் கையை மேலேற்றினாள். முழங்கையருகே, சிறுவயதில் வேலி தாண்டி விழுந்தபோது பட்ட தழும்பு வெளிறித் தெரிந்தது. அன்று அவனைத் தள்ளிவிட்டவள் அவள். அவன் அதை வீட்டில் சொன்னதேயில்லை.

அண்ணனுக்குக் கொடுத்த வாக்கைக் காத்தால் அண்ணிக்குக் கொடுத்தது போகும். அண்ணிக்குக் கொடுத்ததைக் காக்க வேண்டுமானால் இந்தக் கையை அறுக்க வேண்டும். கத்தியை எடுத்தாள். சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அதை வைத்துவிட்டு, சட்டைக் கையை இறக்கி, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டாள்.

பராஸ்கிவா, இறந்தவருக்குப் படைக்கும் சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமை நிறைந்த தட்டையும் தேவமாதாவின் படத்தையும் ஏந்தி வந்தாள். கூடத்து வாசலிலேயே ஸ்மராந்தா அவளை நிறுத்தி நடந்ததைச் சொன்னாள். தான் மறந்தது, தன் கையாலேயே பிரித்தது, இப்போது மடக்க அறுத்தாக வேண்டும் என்பது, அறுக்கவில்லை என்பது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில், பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிமுடித்தாள். பராஸ்கிவா தட்டை நெக்குலாயிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

நெடுநேரம் முகத்தையே பார்த்தாள். பிறகு, பக்கவாட்டில் நீண்டு, உள்ளங்கை மேல்நோக்கித் திறந்திருந்த இடக்கையைப் பார்த்தாள்.

"மழை பெய்யுதான்னு பாக்குறாரு" என்றாள். சிரிக்கிறாளா என்று ஸ்மராந்தாவுக்குத் தெரியவில்லை. "டிராம்லேந்து இறங்கறப்ப எப்பவும் இப்படித்தான். குடையை மட்டும் எடுத்துட்டுப் போகமாட்டாரு." படத்தை மார்பின்மேல் வைத்து வலக்கையை அதன்மேல் பொருத்தினாள். "தோள்ல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் கிடைக்கல அண்ணி."

"அப்போ வெறும் வலிதான்."

"ஆமாம்."

பராஸ்கிவா தலையசைத்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்: "நான் கட்டின நாடா எங்க?"

ஸ்மராந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டியவளேதான் அடக்கத்துக்கு முன் அதை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கும்போதுதான் மன்னிப்புக் கேட்பதும் கொடுப்பதும். இந்த ஊரில் பிறந்த எவருக்கும் இது தெரியும். தாய்க்கு அவிழ்த்தபோது அவளும் அருகே நின்றவள்தான். மேலே ஓடி, அங்கிப் பையிலிருந்து நாடாவை எடுத்து வந்தாள். வெளுப்புக்குப் போய்ப் போய் அது கயிறுபோல் சுருண்டிருந்தது.

பராஸ்கிவா அதை நீவி, இரு கைகளையும் சேர்க்க வழியில்லாமல், திறந்த இடக்கையின் மணிக்கட்டில் மட்டும் சுற்றி முடிச்சிட்டாள். உடனே அவிழ்க்கத் தொடங்கினாள். அவள் கணவனிடம் குனிந்து சொன்னது மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. தனக்கும் அதில் ஒரு சொல் இருக்குமோ என்று ஸ்மராந்தா காத்துநின்றாள்.

நெக்குலாய் மூடியைத் தூக்கினார். பராஸ்கிவா நாடாவை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே யாராவது கையைக் கட்டி அனுப்பினாங்கன்னா, அவிழ்க்கிறதுக்கு முன்னாடி, யாரு கட்டினதுன்னு ஒரு வார்த்தை கேளு ஸ்மராந்தா."

"கேக்கிறேன் அண்ணி."

கல்லறைக்குப் போகும் வண்டியில் பராஸ்கிவா சன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி வந்தாள். பாதி வழியில் தூறல் விழுந்தது. ஸ்மராந்தா தன் கைகள் மடியில் உள்ளங்கை மேல்நோக்கிக் கிடப்பதைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.