தராசில் பிரிந்த குதிரைவீரன்

"ஒரு லட்சம்" என்றார் ஆணிக்கடை அண்ணன். சரக்கு என்னவோ சுட்டுவிரல் உயரத்தில் ஓர் ஈயப் படைத்தளபதிதான். சாயம் உரிந்தவன். குதிரை இல்லாத குதிரைவீரன். கால் இரண்டும் வளைந்து, அவசரத்துக்கு ஒதுங்க இடம் தேடுகிறவன் மாதிரி நிற்பவன்.

விலை கேட்டவள் தம்பி மனைவி. கடையின் பின்னறையில் அவர் அந்தத் தளபதியை இடுக்கியில் பிடித்து, அவன் தொடைமேல் சின்ன ரம்பத்தை வைத்திருந்த நேரம் பார்த்து வந்து நின்றிருந்தாள். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டுக்காரரின் கடை. எட்டு வருஷமாக அங்கிருந்து இங்கே சத்தம் வந்திருக்கிறது, ஆள் வந்ததில்லை.

"இது விக்கிறதுக்குச் சொல்ற விலையா, விரட்டறதுக்குச் சொல்ற விலையா அத்தான்?"

"வாங்க வந்தவங்களைப் பொறுத்தது."

"நூறு தரேன்."

"நூறுக்கு அவன் தொப்பியைக்கூடக் கழட்டமாட்டாம்மா."

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அண்ணன் தம்பிக்குக் கேட்கவா வேண்டும்? அப்பா போனதும் கடையை இரண்டாக்கினார்கள். கடைசியில் மிஞ்சியது, சின்ன வயதில் இருவரும் சேர்ந்து விளையாடிய ஈயப் படை. எண்ணிப் பிரித்தால் சண்டை வந்தது. குதிரை பெரிசு, காலாள் சிறிசு, இரண்டும் ஒன்றாகுமா? "நிறுத்துட்டாப் போச்சு" என்றார் பஞ்சாயத்துக்கு வந்த இரும்பு வியாபாரி. ஆணி நிறுக்கும் தராசு வந்தது. எப்படி மாற்றி வைத்தாலும் முள் நேராகவில்லை. கடைசியில் தளபதியைக் குதிரைமேலிருந்து பிடுங்கி அண்ணன் தட்டில் போட்டார்கள். முள் நடுவே வந்து நின்றது. ஆஹா, இதுவல்லவா நியாயம் என்றார்கள் எல்லோரும். அந்த நியாயத்தோடு பேச்சுவார்த்தையும் நின்றது.

அதற்குப் பிறகு அண்ணனுக்குப் பொழுது இந்த மேஜையில்தான். காலாளின் துப்பாக்கியை அறுத்துவிட்டு விளக்குமாறு வைப்பார். தலையை மாற்றுவார், ஒட்டுமாவு பிசைந்து தொப்பை வைப்பார், நாலே முடி உள்ள தூரிகையால் மீசை இழுப்பார். ஒரு படைப்பிரிவு முழுக்க இப்போது சந்தைக் கூட்டம்: காய்க்காரி, தபால்காரர், கைமாத்துக் கேட்டு வந்து தலை சொறியும் மச்சான். தளபதி மட்டும் மாற மறுத்தான். நிற்க வைத்தால் விழுந்தான். நாற்காலியில் உட்கார வைத்தால் நாற்காலியை அடக்கப் பார்ப்பவன் போல் இருந்தான். ஒரு தடவை காலை உள்பக்கமாக வளைத்தும் பார்த்தாயிற்று. இன்று, அவன் கால்களை அறுத்துவிட்டு வேறு கால் வைப்பதென்று துணிந்துவிட்டார். அறுத்தால் அவன் இனி எந்தக் குதிரையிலும் ஏற முடியாது. அது தெரிந்துதான் ரம்பம் வைத்த இடத்திலேயே கிடந்தது.

"உனக்கு எதுக்கும்மா இவன்?"

"எனக்கு எதுக்கு? உங்க தம்பிக்கு. கடையை வித்தாச்சு அத்தான். பொண்ணு ஊருக்கே போறோம், ஞாயித்துக்கிழமை லாரி வருது. மூட்டை கட்டாம அந்தக் குதிரைக்குச் சாயம் அடிச்சிட்டு உக்காந்திருக்கார். பத்துப் பேரை ஏத்திப் பாத்தாச்சு. பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடினப்பகூட இவ்வளவு பாக்கலை. ஒருத்தனும் சேணத்துல உக்கார மாட்டேங்கறான்."

அண்ணன் ரம்பத்தை எடுத்து மேஜையில் வைத்தார். லாரி விஷயம் அவருக்குத் தெரியாது.

"அவனும் இதே வேலைதான் பண்றானா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு. நடுவுல ஒரு சுவர்."

"அவன் அனுப்பினானா உன்னை?"

"அனுப்பிட்டா அவர் உங்க தம்பியா?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். "குதிரை என்ன விலை?"

"உயிரே போனாலும் தரமாட்டார்."

"நானும் இவனைத் தரமாட்டேன்."

"அப்போ வியாபாரம் படியலை" என்று கிளம்பியவள், வாசலில் நின்றாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் கடை திறந்துதான் இருக்கும். யார் வேணும்னாலும் வரலாம்."

மறுநாள் கடை திறந்ததும் அண்ணன் போனார், சட்டைப்பையில் தளபதியோடு. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த தம்பி, யாரோ வாடிக்கைக்காரரிடம் கேட்பது போல, "என்ன வேணும்?" என்றார்.

"ஒரு குதிரை பாக்கணும்."

தம்பி எடுத்து வைத்தார். செம்பழுப்புக் குதிரை. அண்ணன் விளக்கருகே தூக்கித் திருப்பிப் பார்த்தார்.

"மூக்குக்குள்ள ரோஸ் வெச்சிருக்கே."

"ஈரம் தெரியணுமில்ல."

தளபதியை ஏற்றினார்கள். உட்காரவில்லை.

"காலை யார் உள்ள வளைச்சது?"

"நான்தான்."

"வளைச்ச ஈயத்தைத் திருப்பி வளைச்சா ஒடிஞ்சிடும்னு தெரியாது?"

"தெரியும். இவன் திரும்ப ஏறுவான்னுதான் தெரியலை."

தம்பி குறடை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். துணி சுற்றி உடம்பைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் குறடால் மெல்ல, மூச்சுகூட விடாமல், நிமிர்த்தினார். வலது கால் வந்தது. இடது கால் முழங்காலில் டிக்கென்று ஒடிந்தது.

அண்ணன் கையிலிருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்து, கொண்டுவந்து சேர்த்த நாளில் ஒடித்தாயிற்று.

"சரி விடு" என்றார் தம்பி. இழுப்பறையிலிருந்து ஊசிமுனைத் துளைப்பானையும் மெல்லிய பித்தளைக் கம்பியையும் எடுத்தார். "ரெண்டு பக்கமும் துளை போட்டு, கம்பி குடுத்து ஒட்டிடலாம். பசை இறுகட்டும். நாளைக்கு வாண்ணா."

"நாளைக்கு அடிப்பூச்சு. அப்புறம்தான் சாயம். உனக்கு லாரி வருதே."

"லாரிக்காரன் என்ன என் மாமனாரா? சொன்னா காத்திருப்பான்."

"எங்கப்பாவை எதுக்கு இழுக்கறீங்க?" என்றது பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

லாரி நான்கு நாள் தாமதமாகப் போனது. அந்த நான்கு நாளும் சட்டைக்கு நீலமா பச்சையா என்று சகோதரர்கள் கத்தியது தெருவுக்கே கேட்டது. அதைவிடப் பெரிய பேரம், ஏறி உட்கார்ந்தவன் யாரிடம் இருப்பது என்பது. தராசை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் படிந்த பேரம் இது: முதலில் அண்ணனிடம் இருப்பான். அடுத்தவருக்கு வேண்டுமென்றால் நேரில் வந்துதான் எடுத்துப்போக வேண்டும். பார்சல் கிடையாது, ஆள் மூலம் அனுப்புவது கிடையாது. வந்தால் இரண்டு ராத்திரியாவது தங்க வேண்டும்.

இன்றைய தேதிக்குக் கணக்கு: குதிரையும் வீரனும் தம்பி வீட்டு அலமாரியில். தம்பி வந்தது மூன்று தடவை. அண்ணன் போனது இரண்டு. அண்ணன் பக்கம் ஒன்று பாக்கி.